கோரைத்துறைக் கூவி

தையல்நாயகியை வீட்டைக் காலி செய்யச் சொன்னது ஒரு பறவை.

நேரில் வந்து சொல்லவில்லை. அரசாங்கத்தின் வழியாகச் சொல்லியனுப்பியது. நோட்டீசில் அதன் பெயர் 'கோரைத்துறைக் கூவி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தக் கடலோரச் சதுப்பில் வாழ்ந்து மறைந்த அரிய பறவையாம். மனித நடமாட்டம் இல்லாமல் போனால் திரும்பி வரக்கூடுமாம். ஆகவே சரணாலய எல்லைக்குள் இருக்கும் அளக்குடியின் நாற்பத்து மூன்று வீடுகளும் இருபது கிலோமீட்டர் உள்ளே தள்ளிக் கட்டியிருக்கும் காலனிக்கு மாற வேண்டும். ஆட்சேபம் உள்ளவர்கள் பதினைந்தாம் தேதி விசாரணையில் சொல்லலாம்.

தையல்நாயகி எட்டாவது வரை படித்தவள். பொட்டலம் கட்டி வரும் தாளைக்கூட விரித்துப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள். அளக்குடிக்கு எந்தச் சர்க்கார் காகிதம் வந்தாலும் அது அவள் வாசலுக்குத்தான் முதலில் வரும். இதையும் அவள்தான் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள்.

"இன்னொரு தரம் படி," என்றாள் காத்தாயி. அவள் தையல்நாயகியின் நாத்தனார். செத்துப்போன கணவன் சிங்காரவேலுவுக்கு மூத்தவள். எழுபத்தெட்டு வயதிலும் நடக்கும்போது முன்னால்தான் நடப்பாள்.

இன்னொரு தரம் படித்தாள்.

"நான் பொறந்ததுலேர்ந்து இங்கதான் கெடக்கேன். எனக்குத் தெரியாம எந்தப் பறவடி இங்க வந்து கூவிட்டுப் போச்சு?"

"போய்க் கேட்டாத் தெரிஞ்சிடப் போவுது அண்ணி. சரணாலயத்துக் கூடத்துல காதுல மாட்டிக் கேக்க வைக்கிறாங்களாம்."

மறுநாள் காலை இருவரும் போனார்கள்.

கூடம் குளிர்ச்சியாக இருந்தது. சுவர் முழுக்கப் படங்கள். பூநாரைகள், ஆலாக்கள், வெளிமான், காட்டில் தானாகத் திரியும் மட்டக்குதிரைகள். நடுச்சுவரில் ஆளுயரத்துக்குக் கோரைத்துறைக் கூவி. நீலக் கொண்டை, சிவந்த கால், கொஞ்சம் கர்வமான பார்வை.

"யாரும் பாத்ததில்லைன்னு போட்டிருக்கு. அப்பறம் கொண்டை மட்டும் எப்படித் தெரியும்?" என்றாள் காத்தாயி.

"ஓவியரோட கற்பனைம்மா," என்றபடி வந்தார் முனைவர் ஜெயசுதன். பறவைக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் அலைந்து மூக்கு மட்டும் உரிந்திருந்தது. பறவைகளைப் பற்றிக் கேட்டால் சாப்பாட்டை மறந்துவிடுகிற மனிதர். காலி செய்யச் சொல்லப்பட்டவர்கள் என்று தெரிந்ததும் முகம் கொஞ்சம் சுருங்கியது. ஆனாலும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"செத்துப்போன பறவ கூவுனது எப்புடி சார் கேக்குது?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"உப்புப் பாத்தியோட தரையில வருஷா வருஷம் ஒரு மெல்லிசு தோல் படியும்மா. உப்பு உறைய ஆரம்பிக்கிற அந்த ரெண்டு மூணு நாள் காலையிலதான் அது படியும். அந்த நேரத்துல பக்கத்துல என்ன சத்தம் கேட்டாலும் அந்த அதிர்வு அதுல பதிஞ்சு இறுகிடும். இப்ப அதைப் படிக்க ஒரு மெஷின் வந்திருக்கு. பழைய கேசட் மாதிரின்னு வச்சுக்கங்க."

"நாம உப்பு வாருனோம்னுல நெனச்சோம் தையலு," என்றாள் காத்தாயி. "கேசட்டுல்ல வாரியிருக்கோம்."

ஜெயசுதன் சிரித்துவிட்டு இருவர் காதிலும் கேட்கும் கருவியை மாட்டினார். நூற்றுப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய அடுக்கை ஓட்டினார். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு கூரையில் பெருமழை இறங்குவதுபோல ஒரு ஓசை. பூநாரைகள் ஒன்றாக எழும் சத்தம் என்றார். ஆயிரமா, பத்தாயிரமா என்று எண்ண முடியாதாம். அடுத்த அடுக்கில் உள்ளான் பறவைகள் கிசுகிசுத்தன. இன்னொன்றில் ஒரு குதிரை தண்ணீரில் நடந்து போனது. அதைப் பார்த்த யாரும் இன்று உயிரோடு இல்லை. ஆனால் குளம்படி ஒவ்வொன்றும் காதுக்குள் விழுந்தது. காத்தாயிகூட வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இதுல நாங்க எங்க சார் இருக்கோம்?" என்றாள் தையல்நாயகி.

"அதுதாம்மா சங்கடம்." ஜெயசுதன் குரலைத் தாழ்த்தினார். "மொத்தம் நூத்து முப்பத்திரண்டு அடுக்கு. ஒன்னுலகூட மனுஷக் குரல் இல்லை. ஒரு இருமல்கூட இல்லை. புதுச் சட்டப்படி காகிதம் செல்லாது, மண்ணுல இருக்கிற சாட்சிதான் செல்லும். இந்தப் பாத்தியில மனுஷங்க இருந்ததாவே மண்ணு சொல்லலை."

"இருந்தோம். பேசல, அம்புட்டுத்தான்," என்றாள் தையல்நாயகி.

"ஏன்?"

"உப்பு கண்ணு தொறக்கையில பேசுனா உப்பு கசந்துடும்," என்றாள் காத்தாயி, சூரியன் கிழக்கே உதிக்கும் என்று சொல்கிற தொனியில்.

அளக்குடியின் வழக்கம் அது. பாத்தியில் கட்டிய தண்ணீர் கனத்து, அடியில் முதல் உப்பு மினுங்கும் காலைகளில் ஊரே வரப்பில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். மானோ குதிரையோ பாத்தியில் இறங்காமல் துணியை வீசி விரட்டுவார்கள். வாயை மட்டும் திறக்க மாட்டார்கள். தும்மல் வந்தால்கூட வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு தூரமாக ஓடுவார்கள். வருஷத்தின் மற்ற நாட்களில் அளக்குடி போடும் சத்தத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் பெண் கொடுக்கவே யோசிப்பார்கள். மண் காதைத் தீட்டிக்கொண்டிருந்த அந்த மூன்று காலைகளில் மட்டும், நூற்று முப்பத்திரண்டு வருஷமும், ஊரே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"இந்த வழக்கம் எங்கயாவது எழுதி இருக்கா?" என்றார் ஜெயசுதன்.

"பேசாம இருந்ததை எப்புடி சார் எழுதி வைக்கிறது?"

ஜெயசுதன் பேச்சை மாற்ற நினைத்தவர்போல, "நம்ம கூவியைக் கேளுங்க," என்று விசையை அழுத்தினார்.

கீயூ… கீயூ… குளுக்.

ஒரு நொடி. இரண்டு நொடி.

சொத்.

"கேட்டீங்களா? கூவின ரெண்டாவது நொடியே தண்ணிக்குள்ள பாயுது! உலகத்துல வேற எந்தப் பறவைக்கும் இந்தப் பழக்கம் கிடையாது. பதினாலு அடுக்குல இருக்கு. அதுக்கப்புறம் இனமே அழிஞ்சிடுச்சு. பாவம்."

காத்தாயி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது. தையல்நாயகி அசையவில்லை. இரண்டு கையாலும் காதோடு அந்தக் கருவியை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தரம் போடுங்க சார்."

ஜெயசுதனுக்கு மகிழ்ச்சி. நான்கு தரம் போட்டார்.

சிங்காரவேலுவால் சும்மா இருக்க முடியாது. தூக்கத்திலும் பேசுவான். கல்யாணமாகி முதல் உப்புக் காலையில் வரப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தவன், கால் நாழிகை தாங்கினான். பிறகு மோவாயைத் தூக்கிக் கீயூ கீயூ என்று கூவினான். எந்தப் பறவையும் அப்படிக் கூவாது. அவனாகக் கட்டியது. வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் பிடித்துக்கொண்டபோது, "பேசக்கூடாதுன்னுதான சொன்னீங்க? கூவக்கூடாதுன்னு யாரு சொன்னா?" என்றான். வரப்பில் அவனைத் திட்டவும் முடியாது, திட்டினால் அதுவும் பேச்சு. ஆகவே கையில் அகப்பட்ட சேற்றை உருட்டி அவன்மேல் எறிவார்கள். தையல்நாயகி எறிவது மெத்தென்று விழும். காத்தாயி எறிவது முதுகில் தடம் பதியும். பதினான்கு வருஷம் அவன் கூவினான், பதினான்கு வருஷம் சேறு வாங்கினான். பதினைந்தாவது வருஷம் ஐப்பசிப் புயலில் மதகுப் பலகையை இறக்கப் போனவன் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. மூன்று வருஷம் கழித்து உப்பளத்தை மூடிச் சரணாலயத்தோடு சேர்த்தார்கள்.

அவனுக்கு ஒரு போட்டோ உண்டு. ரேஷன் கார்டில் இருந்தது. அதிலும் முகம் தெளிவில்லை. குரல் எங்கும் இல்லை என்றுதான் நாற்பத்தொரு வருஷமாக அவள் நினைத்திருந்தாள்.

திரும்பி வரும்போது காத்தாயிதான் பேசினாள். "உசுரோட இருந்தப்பவும் நம்மள ஒரு எடத்துல நிம்மதியா உக்கார வுடல. செத்தும் ஊர வுட்டு வெரட்டுறான் பாரு. கொண்டையாம்ல! இருவத்தெட்டு வயசுலயே வழுக்கை அவனுக்கு."

தையல்நாயகி சிரித்தாள். பிறகு நின்றுவிட்டாள்.

"பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க கும்பலா வந்துருந்துதுங்களே, பாத்தீங்களா அண்ணி? எல்லாம் அவரு மாதிரியே கூவிக்கிட்டுப் போவுதுங்க. நாம சொல்லிட்டோம்னா அதை எடுத்துடுவாங்க."

"சொல்லலன்னா நம்மள எடுத்துடுவாங்க."

அதற்குமேல் வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை. அளக்குடிக்காரர்களுக்கு அது பெரிய சங்கதி.

பதினைந்தாம் தேதி காலை, விசாரணை அதே கூடத்தில் நடந்தது. துணை ஆட்சியர் மெஹருன்னிசா நடுவில். கண்டிப்பானவர் என்று பேச்சு. பேனாவை மூடி மூடித் திறப்பதில் அது தெரிந்தது. நாற்பத்து மூன்று வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். ஜெயசுதன் மெஷினோடு ஒரு ஓரத்தில் இருந்தார்.

"ஆட்சேபம் யாருக்கு?"

தையல்நாயகி எழுந்தாள். "அது பறவை இல்லீங்கம்மா. எங்க வீட்டுக்காரர்."

பேனா நின்றது.

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பேசாத காலைகளை, கூவியதை, எறிந்த சேற்றை. கூடத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு அடக்க முடியவில்லை. ஜெயசுதன் மட்டும் வெளிறிப்போயிருந்தார்.

"அம்மா, நான் அந்தப் பாய்ச்சலைப் பத்தி மட்டும் முப்பது பக்கம் எழுதியிருக்கேன்."

"தப்பா நெனச்சுக்காதீங்க தம்பி," என்றாள் காத்தாயி. "அதுல பாதி நான் எறிஞ்சது."

"சிரிச்சா ஆதாரம் ஆகாது," என்றார் மெஹருன்னிசா. "நிரூபிக்க முடியுமா?"

எல்லோரும் பழைய பாத்திக்கு நடந்தார்கள். உமிரிச் செடி மண்டிக் கிடந்தாலும் வரப்பு அப்படியே இருந்தது. மெஷினைத் தரையில் பதித்தார்கள். எறிய ஆள் தயார். காத்தாயி ஏற்கெனவே ஒரு உருண்டை உருட்டிவிட்டாள். எறி வாங்க ஆள் வேண்டும். துணை ஆட்சியர் யாரையும் பார்க்காததுபோல ஜெயசுதனைப் பார்த்தார். அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வரப்பில் போய் உட்கார்ந்தார்.

"ஒடம்ப எளக்கமா வச்சுக்கங்க தம்பி. வெறைச்சா வலிக்கும்."

சொத்.

ஜெயசுதன் சட்டையிலிருந்து சேறு வழிய எழுந்து வந்து மெஷின் திரையைப் பார்த்தார். பழைய கோடும் புதிய கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்திருந்தன. வெகுநேரம் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம்; அந்தத் திரையைப் படிக்கத் தெரிந்தவர் அங்கே அவர் ஒருவர்தான்.

"பொருந்துது," என்றார்.

அளக்குடி கை தட்டியது.

"ஆனா மேடம், இன்னும் ஒரே ஒரு அடுக்கு இருக்கு." குரல் கெஞ்சுவதுபோல இருந்தது. "அம்மா, உங்க வீட்டுக்காரர் தவறினது எந்த வருஷம்?"

சொன்னாள்.

"இது அதுக்கு அடுத்த வருஷத்து அடுக்கு. மெஷின் சந்தேகம்னு தனியா வச்சிருந்ததால நான் கணக்குல சேர்க்கலை." விசையை அழுத்தினார்.

கீயூ… கீயூ… குளுக்.

மெலிந்த கூவல். நடுவில் ஒருமுறை உடைந்தது. எல்லோரும் அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தார்கள். ஒன்றும் விழவில்லை.

"அவர் இல்லாத வருஷம். சேறும் இல்லை," என்றார் ஜெயசுதன். "அப்ப நிஜமாவே ஒரு பறவை இருந்திருக்கு. அதைக் கேட்டுத்தான் அவர் கூவியிருக்கார்."

மெஹருன்னிசா யோசித்தார். "அப்படின்னா மனுஷங்களும் இருந்திருக்காங்க, பறவையும் இருந்திருக்கு. உங்க உரிமையைப் பதிவு பண்ணிக்கறேன். ஆனா பறவை இருந்தது உண்மைன்னா, காலி பண்ணச் சொன்ன உத்தரவு செல்லும். எனக்கு வேற வழி இல்லை."

கைதட்டிய கைகள் கீழே இறங்கின.

தையல்நாயகி தன் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பாமல் பாத்தியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அது பறவை இல்லீங்கம்மா. நான்."

மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தார்.

"மாசி மாசம். அவரு போயி நாலு மாசம். வரப்புல உக்காந்திருந்தேன். பக்கத்துல எடம் காலியா இருந்துச்சு. எனக்கு அந்த அமைதியத் தாங்க முடியல. கூவிட்டேன். வழக்கத்த ஒடச்சது தப்புதான். ஊருல கேட்டா மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

பின்னாலிருந்து கிழவர் நாகமுத்துவின் குரல் வந்தது. "அந்த வருசம் உப்பு நல்லாத்தான தாயி வெளைஞ்சுது. கசக்கலையே!"

சிலர் சிரித்தார்கள். சிலர் மூக்கை உறிஞ்சினார்கள்.

"உங்கமேல ஏன் யாரும் எறியலை?" என்று ஜெயசுதன் மெதுவாகக் கேட்டார். விஞ்ஞானியின் கேள்வி போல இல்லை அது.

அன்று வரப்பில் உட்கார்ந்திருந்து, இன்றும் உயிரோடு இருக்கும் ஏழெட்டுப் பெண்கள் காலடி மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"போதும் சார், நிறுத்திடுங்க," என்றாள் தையல்நாயகி திடீரென்று. "அதுக்கு மேல வேணாம்."

அவர் கை நீட்டுவதற்குள் வந்துவிட்டது. தூரத்திலிருந்து, மிகச் சன்னமாக.

கீயூ… கீயூ… குளுக்.

"பதில்!" ஜெயசுதன் கத்தியே விட்டார். "அம்மா நீங்க கூவுனதுக்கு அது பதில் சொல்லுது! இது நீங்க இல்லையே? தூரம் காட்டுது பாருங்க, எழுபது மீட்டர். இது யாரு?"

தையல்நாயகிக்கு அது யாரென்று தெரியும். அன்றைக்குக் கேட்டபோதே தெரியும். நீர் முட்டிய கண்ணுக்கு எதிர்க்கரை தெரியவில்லை, குரல் மட்டும் மதகுப் பக்கமிருந்து வந்தது. கடல் கொண்டுபோன மனிதனுக்கு உடல் இல்லாவிட்டால் என்ன, குரல் இருக்கிறது என்று அன்றைக்கு முடிவு செய்தாள். யாரிடமும் சொல்லவில்லை. மகள் திருப்பூருக்குக் கூப்பிட்டபோது போகவில்லை. புயல் எச்சரிக்கை வந்து ஊரே பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியபோதும் கடைசியாகப் போய் முதலாவதாகத் திரும்பினாள். கேலி செய்தவர்களுக்கெல்லாம் உப்புக் காற்று ஒத்துக்கொள்கிறது என்று பதில் சொன்னாள். இப்போது காலனி வேண்டாம் என்று நிற்பதும் அதற்காகத்தான். இந்த இடத்தில் தனக்கு ஒரு முறை பதில் வந்திருக்கிறது.

அதை எப்படி ஒரு துணை ஆட்சியரிடம் சொல்வது?

"அது பறவையா, இல்லையா?" என்றார் மெஹருன்னிசா. "யாராவது சொல்லுங்க."

காத்தாயி தொண்டையைச் செருமினாள்.

"அன்னைக்குத் தொண்ட கட்டியிருந்துச்சு," என்றாள். "இல்லன்னா இன்னும் நல்லா வந்திருக்கும்."

தையல்நாயகி திரும்பிப் பார்த்தாள்.

"நான் மதகடியில குதிர வெரட்டிக்கிட்டு நின்னேன். இவ கூவுனா. கேட்டுக்கிட்டுச் சும்மா நிக்க முடியல." காத்தாயி யார் முகத்தையும் பார்க்கவில்லை. "எனக்கும் அவன் ஒரே தம்பி."

"நீங்களும் அதே மாதிரி கூவிக் காட்ட முடியுமா?" என்றார் மெஹருன்னிசா.

எழுபத்தெட்டு வயதுக் கிழவி முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, வரப்பில் நின்று, மோவாயைத் தூக்கினாள். கோழி தொண்டையில் எதையோ வைத்துக்கொண்டு முழிப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. அளக்குடி விழுந்து விழுந்து சிரித்தது. மெஷின் சிரிக்கவில்லை. அது கோட்டின்மேல் கோட்டை வைத்து, ஒரே ஆள் என்றது.

ஜெயசுதன் திரையை மூடினார். அவருடைய பறவை அத்தோடு முடிந்தது. சட்டைச் சேறு காய்ந்து உதிர, வரப்பில் உட்கார்ந்துவிட்டார். தையல்நாயகிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரே கூவலில் அவருக்கும் அவளுக்கும் ஆள் போய்விட்டது.

அவள் காத்தாயியிடம் போனாள். சிரிப்பு அடங்கவில்லை, மற்றவர் காதில் விழாது.

"நாப்பத்தோரு வருசம் அண்ணி. ஒரு நாளு சொல்லியிருக்கலாமே."

"என்னத்தச் சொல்றது? நாலு மாசமாச் சோறு எறங்காமக் கெடந்த. அன்னைக்கு வூட்டுக்கு வந்து சட்டியத் தொறந்து நீயாப் போட்டுத் தின்ன. ரெண்டாந்தரமும் போட்டுக்கிட்ட. அதப் பாத்துட்டு, அது நாந்தாண்டின்னு சொல்லச் சொல்றியா?"

தையல்நாயகி நாத்தனாரின் புறங்கையைப் பிடித்துக்கொண்டாள். காத்தாயி உதறவில்லை, அதுவே அவளுக்குப் பெரிய விஷயம்.

மெஹருன்னிசா பேரேட்டை விரித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். பறவையின் பெயரை ஒரு கோட்டால் அடித்தார். உத்தரவை நிறுத்தி வைப்பதாக எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு கூவல் இருந்த ஒவ்வொரு அடுக்குக்கும் எதிரே, மனிதர் என்ற கட்டத்தை நிரப்பிக்கொண்டே வந்தார். கடைசி அடுக்கில் பேனா நின்றது.

"இந்த வருஷத்துக்கு எத்தனை பேர்னு எழுதட்டும்?"

காத்தாயி பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தையல்நாயகியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதகுப் பக்கம் காற்று உமிரிச் செடிகளைச் சாய்த்துக்கொண்டிருந்தது. தையல்நாயகி அந்தப் பக்கம் பார்த்தாள். துணை ஆட்சியர் அவசரப்படுத்தவில்லை.

"ரெண்டு பேரு," என்றாள் கடைசியில். "பொம்பளைங்க ரெண்டு பேருன்னு எழுதிக்கங்க."